வாகனத்தை நிறுத்தலாம், பையைத் திறக்கலாமா?

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் நாளேடுகளில் அன்றாடம் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. ஊர் மாறும், பெயர் மாறும், வாக்கியம் மாறாது. காவல்துறையினர் வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, அவ்வழியே சந்தேகத்திற்கிடமான வகையில் வந்த நபரை நிறுத்திச் சோதனை செய்ததில் என்று தொடங்கி, கஞ்சாவிலோ கத்தியிலோ திருட்டு இருசக்கர வாகனத்திலோ அது முடியும். காவல் நிலையம் தரும் செய்திக்குறிப்பை நாளேடு அப்படியே அச்சிடுகிறது. படிப்பவரும் அப்படியே கடந்து போகிறார்.

அந்த வாக்கியத்தில் ‘சோதனை’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முதல் சோதனை, ஓட்டுநர் உரிமத்தையும் பதிவுச் சான்றையும் பார்ப்பது. இரண்டாவது சோதனை, சட்டைப் பையிலும் தோள்பையிலும் கைவிட்டுத் துழாவுவது. சட்டத்தில் இவை வெவ்வேறு செயல்கள். வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு நிபந்தனைகளோடு வருபவை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், முதல் சோதனைக்காக நிறுத்தப்பட்டவர் இரண்டாவதற்கும் உடன்பட்டே தீர வேண்டும் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் கேள்வியின்றிக் குடியேறிவிட்டது. நிறுத்தியவருக்குத் துழாவும் அதிகாரமும் உண்டு என்று நிறுத்துபவரும் நம்புகிறார், நிற்பவரும் நம்புகிறார். இவ்வுரையில் முதலாவதைச் ‘சரிபார்ப்பு’ என்றும், இரண்டாவதைச் ‘சோதனை’ என்றும் பிரித்தே வழங்கலாம்.

பெங்களூரில் இந்தப் பிரிவினை ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இருசக்கர வாகனத்தில் வேலைக்கு வரும் தொழிலாளியின் வண்டியில் டி.என்.70 என்ற எண் இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் சரக்கு இறக்குபவர், சிவாஜி நகர் ஆட்டோ ஓட்டுநர், நள்ளிரவிலும் உணவுப் பொட்டலம் சுமக்கும் விநியோகத் தொழிலாளி ஆகியோருக்குச் சாலையே தொழிற்கூடம். குளிரூட்டப்பட்ட காரில் போகிறவரின் பின்னிருக்கைப் பையை எவரும் திறக்கச் சொல்வதில்லை.

முதலில் சரிபார்ப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் தம் உரிமத்தைக் காட்ட வேண்டும். 158-ஆவது பிரிவின்படி, மாநில அரசு அதிகாரமளித்த சீருடைக் காவலர் கேட்டால் பதிவுச் சான்று, காப்பீடு முதலியவற்றையும் காட்ட வேண்டும். இவற்றைக் காகிதமாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதி திருத்தப்பட்ட பிறகு, டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினாலும் செல்லும். உரிமமின்றியோ பதிவின்றியோ ஓட்டினால் 207-ஆவது பிரிவின்கீழ் வண்டியைப் பிடித்து வைக்கலாம்.

மது அருந்தி ஓட்டுவது பற்றி ஒரு நுட்பம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 185-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். ஆனால் மூச்சை ஊதச் சொல்லும் அதிகாரத்தைத் தரும் 203-ஆவது பிரிவு, அக்குற்றம் நடந்திருப்பதாக ஐயுறத் தக்க காரணம் அதிகாரிக்கு இருக்க வேண்டும் என்கிறது. சாலையை மறித்து வருவோர் எல்லோரையும் வரிசையாக ஊதச் சொல்லும் நடைமுறை அந்தச் சொற்களுக்குள் அடங்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி. குடித்து ஓட்டுபவன் முதலில் கொல்வது பெரும்பாலும் நடந்து போகிறவரையும் சைக்கிளில் போகிறவரையும்தான். ஆகவே அந்தச் சோதனை வேண்டாம் என்பதல்ல நம் நிலை. மூச்சை ஊதச் சொல்வதற்கே காரணம் வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, பையைத் திறக்கச் சொல்வதற்குக் காரணமே வேண்டாம் என்று எவரும் வாதிட முடியாது என்பதே இங்கு குறிக்கத்தக்கது.

மோட்டார் வாகனச் சட்டத்தை எத்தனை முறை புரட்டினாலும், ஆவணம் பார்க்க நிறுத்திய வண்டியில் வந்தவரின் சட்டைப் பையையோ தோள்பையையோ கைப்பேசியையோ சோதிக்கும் அதிகாரம் அதில் கிடைக்காது. வண்டிச் சாவியைப் பறிக்கும் அதிகாரமும் கிடைக்காது. அந்த அதிகாரம் வேண்டுமென்றால் காவலர் வேறொரு சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே நிபந்தனைகள் காத்திருக்கின்றன.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவாக இருக்கிறது. பிடியாணை போன்ற நீதிமன்ற ஆணை இல்லாமல் சோதனையிட வேண்டுமானால், நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ, ஒரு குறிப்பிட்ட குற்றத்தின் விசாரணைக்கு அது தேவை என்று நம்புவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதையும் இயன்றவரை எழுத வேண்டும். பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. 106-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என ஐயுறப்படுவதைக் கைப்பற்ற எந்தக் காவலருக்கும் அதிகாரம் தருகிறது. காவல்துறை அடிக்கடி இதையே துணைக்கு அழைக்கிறது. ஆனால் அது கண்ணில் பட்டதைக் கைப்பற்றும் அதிகாரம். ஏதாவது கண்ணில் படாதா என்று துழாவும் அதிகாரமாக அதை நீட்டினால், 185-ஆவது பிரிவின் நிபந்தனைகளுக்குப் பொருளே இல்லாமல் போகும். கைது செய்யப்பட்டவரின் உடலைச் சோதிக்கலாம். பெண்ணாயின் பெண் அதிகாரியே, கண்ணியம் காத்துச் சோதிக்க வேண்டும். தலைக்கவசம் அணியாதவர் கைதியல்லர்.

போதைப்பொருள் சட்டம் இன்னும் கூர்மையானது. 1985-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 42-ஆவது பிரிவு, சோதனையிடும் அதிகாரத்தைக் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட, அரசால் அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரிக்கே தருகிறது. கிடைத்த தகவலை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறது. அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. பொது இடங்களுக்குரிய 43-ஆவது பிரிவு இவ்வளவு நிபந்தனை விதிப்பதில்லை. ஆகவே சாலையில் நடக்கும் எல்லாச் சோதனையையும் காவல்துறை 43-க்குள் தள்ளிவிடும். அரியானாவில் ஒரு ஜீப்பில் நடந்த சோதனை பற்றிய வழக்கில், 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இதற்கு வரம்பு கட்டியது. தனியார் வாகனம் பொதுச் சாலையில் நிற்பதாலேயே பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகிவிடாது, அதற்கு 42-ஆவது பிரிவே பொருந்தும் என்று கூறி, அப்பிரிவைப் பின்பற்றாததற்காகவே தண்டனையை நீக்கியது.

அதே சட்டத்தின் 50-ஆவது பிரிவு, சோதிக்கப்படுபவர் தம்மைக் கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்குமாறு கோரலாம் என்கிறது. அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வதும் அதிகாரியின் கடமை என்று 1999-இலும் 2010-இலும் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் உறுதி செய்தன. ஆனால் 2005-இல் வந்த ஒரு தீர்ப்பு, இந்தப் பாதுகாப்பு உடலுக்கு மட்டுமே, கையில் உள்ள பைக்கு அன்று என்றது. தொழிலாளியின் சட்டைப் பைக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. சோற்றுப் பாத்திரமும் மாற்றுச் சட்டையும் இருக்கும் தோள்பைக்கு இல்லை! பழி சுமத்த நினைப்பவன் பொருளை எங்கே வைப்பான் என்பதை நீதிபதிகள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இனி பெங்களூருக்கு வருவோம். 2022 ஜூன் இறுதியில், அப்போதைய கர்நாடகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் பிரவீண் சூட் ட்விட்டரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வெறும் கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாதவரை, ஆவணம் பார்ப்பதற்காக மட்டும் எந்த வாகனத்தையும் நிறுத்தக் கூடாது. மது அருந்தி ஓட்டுவதைக் கண்டறிவது ஒன்றே விலக்கு. இதை முன்பே தெளிவுபடுத்தியிருக்கிறேன், உடனே நடைமுறைப்படுத்துமாறு மாநகரக் காவல் ஆணையருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது அதன் சாரம். நல்ல அறிவிப்பு. சரிபார்ப்புக்காகவே நிறுத்தக் கூடாது என்றால், சரிபார்ப்பைச் சாக்கிட்டு நடக்கும் சோதனைக்கும் இடமில்லாமல் போகும்.

ஆனால் அதிலேயே ஒரு சொல் உறுத்துகிறது: முன்பே. முன்பே சொல்லியும் நடக்காததால்தான் மீண்டும் சொல்ல நேர்ந்தது. மீண்டும் சொன்ன பிறகு என்ன நடந்தது? அதே ஆண்டு டிசம்பரில், மான்யதா தொழில்நுட்பப் பூங்கா அருகே இரவில் வீட்டுக்கு நடந்து சென்ற தம்பதியரை நிறுத்தி, இரவு 11 மணிக்கு மேல் தெருவில் நடப்பது குற்றம் என்று சொல்லி, கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, 1,000 ரூபாய் பறித்ததாகப் புகார் எழுந்தது. அடுத்த மாதம், 2023 ஜனவரியில், எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதியில் பைக் டாக்சியில் வீடு திரும்பிய இளைஞரை நிறுத்திப் பையைச் சோதித்து, கஞ்சா இருந்ததாக மிரட்டி 2,500 ரூபாய் பறித்ததாக இன்னொரு புகார். இரண்டிலும் காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்கள் ட்விட்டரில் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்களாக இருந்ததே அதற்குக் காரணம். பொம்மசந்திராவில் லேத் ஓட்டுபவருக்கு அந்த வழியும் இல்லை.

2025 மே 26 அன்று, பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் உள்ள மண்டியாவில் நடந்தது இவற்றையெல்லாம் விடக் கொடியது. நாய்க்கடிக்கு உள்ளான சிறு குழந்தையை மருத்துவமனைக்கு இருசக்கர வாகனத்தில் கொண்டு சென்ற பெற்றோரை, தலைக்கவசச் சோதனைக்காகப் போக்குவரத்துக் காவலர்கள் மறித்தனர். வண்டி தடுமாறி விழ, பின்னால் வந்த வாகனம் ஏறிக் குழந்தை இறந்தது. ஊர் மக்கள் சாலையில் அமர்ந்தனர். உதவி சப்-இன்ஸ்பெக்டர்கள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அடுத்த சில நாட்களில், காவல்துறைத் தலைமை இயக்குநர் பொறுப்பில் இருந்த எம்.ஏ. சலீம் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாமல் வாகனத்தை நிறுத்தக் கூடாது. ஓடும் வண்டியின் முன் திடீரெனப் பாயக் கூடாது. சாவியைப் பறிக்கக் கூடாது. வேகமாகப் போகிறவரைத் துரத்தாமல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2022-இல் பாஜக ஆட்சி, 2025-இல் காங்கிரஸ் ஆட்சி. அறிவிப்பின் முதல் வரியில் மாற்றம் இல்லை. மூன்றாண்டுக்குப் பிறகும் அதே வரியை எழுத வேண்டியிருந்தது என்றால், எழுதிய அதிகாரியின் நல்லெண்ணத்தில் குறை காண வேண்டியதில்லை. அவர் எழுதியது எத்தகைய பொருள் என்பதைப் பார்க்க வேண்டும். சுற்றறிக்கை, மேலதிகாரி கீழதிகாரிக்குச் சொல்வது. அதை மீறினால் துறைக்குள் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். நிறுத்தப்பட்டவர் கையில் அது உரிமையாக வந்து சேர்வதில்லை. அதைக் காட்டி அவர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது. அடுத்த தலைமை இயக்குநர் வேறுவிதமாக நினைத்தால் அது காலாவதியாகும். அண்டை மாநிலத்தில் அதற்கு ஒரு செல்லாக் காசின் மதிப்புகூட இல்லை.

தமிழ்நாட்டின் கதை ஆறுதல் தருவதாக இல்லை. 2018 மார்ச்சில் திருச்சி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் போன இருசக்கர வாகனத்தைத் துரத்திச் சென்ற காவல் ஆய்வாளர் உதைத்ததில் விழுந்து, பின்னால் அமர்ந்திருந்த பெண் இறந்தார். 2022 ஏப்ரல் 18 இரவு சென்னை கெல்லீஸ் சந்திப்பில், வாகனச் சோதனையில் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்கள். கஞ்சாவும் கத்தியும் இருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட 25 வயது இளைஞர், மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர், மறுநாள் காவலில் இறந்தார். உடற்கூறாய்வில் 13 காயங்கள் பதிவாயின. சிபிசிஐடி கொலை வழக்காக மாற்றிக் காவலர்களைக் கைது செய்தது. அதன்பிறகு, கைதானவர்களை இரவில் நிலையத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று அங்கும் ஓர் அறிவுறுத்தல் போயிற்று. மரணம், பின் சுற்றறிக்கை: இங்கும் அங்கும் ஒரே வரிசை. கெல்லீஸ் சந்திப்பில் நடந்ததைக் காவல் நிலைய மரணம் என்று மட்டும் நாம் பேசினோம். அது தொடங்கியது சாலையில், அந்த ‘சோதனை’யில் என்பதை நம் கண்டன அறிக்கைகளும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டமாக இல்லாமல் இது ஏன் சலுகையாகவே நின்றுவிட்டது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கரும் கே.எம். முன்ஷியும் அளித்த வரைவுகளில், காரணமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிரான உரிமை தனியாக இருந்தது. காவல்துறையின் விசாரணைக்கு இடையூறாகும் என்ற வாதத்தால் ஆலோசனைக் குழுக் கட்டத்திலேயே அது வெட்டப்பட்டது. வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்களில் சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் ஒருவர். 1947 ஏப்ரல் இறுதியில், சபையின் ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினரான வங்கத் தோழர் சோம்நாத் லாகிரி எழுந்து, இந்த அடிப்படை உரிமைகளில் பலவும் ஒரு காவலரின் கண்ணோட்டத்திலிருந்தே எழுதப்பட்டவை என்று சாடினார். கடிதப் போக்குவரத்தின் அந்தரங்கத்தைக் காக்கும் திருத்தம் ஒன்றையும் அவர் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. 1948 டிசம்பர் தொடக்கத்தில் காசி சையத் கரீமுத்தீன், காரணமற்ற சோதனைக்கு எதிரான உரிமையை மறுபடி திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கத் தயார் என்றார். நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான், ஆனால் சாசனத்தில் வைத்தால் எந்தச் சட்டமன்றமும் அதைப் பறிக்க முடியாது என்பது அவர் தந்த விளக்கம். வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. சில நாள் கழித்து எடுத்தபோது திருத்தம் தோற்றது.

அம்பேத்கர் அன்று சுட்டிய வேறுபாடும், சுற்றறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே இங்கு சுட்டப்படும் வேறுபாடும் ஒரே வகையின. மேலே இருப்பவர் விரும்பினால் மாற்றக்கூடியது உரிமையாகாது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1954-இல் உச்சநீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அமெரிக்க சாசனத்தில் உள்ளது போன்ற பாதுகாப்பை நம் சாசனத்தை ஆக்கியோர் வேண்டுமென்றே தரவில்லை. ஆகவே அதை உள்ளே கொண்டுவர இயலாது என்றனர். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகக் கூறியபோதே அது முறியடிக்கப்பட்டது. அந்த வழக்கின் மனுதாரர் கே.எஸ். புட்டசுவாமி, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2024 அக்டோபரில் மறையும் வரை இதே பெங்களூரில் வாழ்ந்தவர். அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்கு அளவானதாக இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு வகுத்த அளவுகோல். சாலைச் சந்திப்பில் பையைத் துழாவும் கை, இந்த மூன்றில் முதற்படியிலேயே இடறி விழுகிறது. அதற்குச் சட்டமே இல்லை.

இருந்தும் அந்தக் கை துழாவிக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம், சட்டவிரோதச் சோதனையால் காவல்துறைக்கு இழப்பு எதுவும் இல்லை என்பது. பூரண்மல் வழக்கில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உச்சநீதிமன்றம் சொன்ன நிலை இன்றும் பொதுவிதியாக நிற்கிறது: சோதனை முறைகேடானதாக இருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதானால் சாட்சியமாகும். மேற்சொன்ன 50-ஆவது பிரிவு போன்ற சில இடங்களில்தான் விதிவிலக்கு. திருடிக் கொண்டுவந்தாலும் சரக்குக்கு விலை உண்டு என்று சந்தையில் சொல்லிவிட்டால், திருட்டைத் தடுக்கச் சுற்றறிக்கை போதுமா?

கைப்பேசி தனியே பேசத்தக்கது. 2021 அக்டோபரில் ஐதராபாத் தெருக்களில், போகிறவர் வருகிறவரை நிறுத்திக் கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்த காவலர்களின் காணொளி பரவியது. அதற்கு ஏழு மாதம் முன்பே, 2021 மார்ச் 12 அன்று, பெங்களூரின் ஒரு போதைப்பொருள் வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் தீர்ப்பளித்திருந்தார். கைப்பேசியைச் சோதிப்பது ஒரு வீட்டைச் சோதிப்பது போன்றதே. பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும். சாட்சியம் அழிந்துபோகும் அவசரநிலையில் மட்டும், காரணத்தை எழுதி வைத்து ஆணையின்றிச் சோதிக்கலாம். கடவுச்சொல்லைச் சொல் என்று விசாரணை அதிகாரி தாமாகக் கட்டளையிட முடியாது என்றார். முழுதும் நமக்கு உவப்பான தீர்ப்பு என்று சொல்வதற்கில்லை. நீதிமன்றம் ஆணையிட்டால் கடவுச்சொல்லைத் தர வேண்டும், அது தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்வதாகாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆயினும் கொலை வழக்கின் விசாரணை அதிகாரிக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் காவலருக்கு என்ன அதிகாரம் இருக்க முடியும்? சங்கத் தோழர்களின் கைப்பேசியில் வேலைநிறுத்தக் குழுவின் உரையாடல்கள் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. உரிமத்தைச் செயலியில் காட்டும்போது கைப்பேசியைக் கையை விட்டுக் கொடுக்காமல் திரையை மட்டும் காட்டுவது நல்ல பழக்கம்.

நம் தோழர்களிடையேகூட ஒரு மறுப்பு எழுவதுண்டு. கஞ்சா நம் குடியிருப்புகளையே முதலில் அழிக்கிறது. காவலரின் கையைக் கட்டினால் விற்பவனுக்குத்தானே ஆதாயம்? பிள்ளைகளை அந்தப் பழக்கத்துக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் இப்படிக் கேட்கும்போது, சட்டப் பிரிவைச் சொல்லி அவர்களின் வாயை அடைக்கக் கூடாது. ஆனால் விற்பவன் யார், எங்கே விற்கிறான் என்பது பகுதி மக்களுக்கும் தெரியும், நிலையத்துக்கும் தெரியும். அவனைப் பிடிக்க 42-ஆவது பிரிவு போதும். தகவலை எழுதி, மேலதிகாரிக்கு அனுப்பி, முறையாகச் சோதித்தால் வழக்கும் நிற்கும். முறைகேடான சோதனையால்தான் அரியானா வழக்கில் தண்டனை நீங்கியது என்பதை அந்தத் தாய்மாரிடம் சொல்லலாம். நூறு தொழிலாளர்களின் பையைத் துழாவுவது விற்பனையைத் தடுப்பதில்லை. துழாவுபவருக்கு ஒரு வருமானத்தைத்தான் உண்டாக்குகிறது.

‘சந்தேகத்திற்கிடமானவர்’ என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர் என்று முழுச் சமூகங்களைப் பட்டியலிட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து, கைரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று குண்டடி பட்டு மாண்டனர். அச்சட்டத்தைக் கொண்டுவந்த அதே பிரிட்டனில், 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகும் கறுப்பின இளைஞர்களைக் காவல்துறை நிறுத்திச் சோதித்து வந்தது. 1981 ஏப்ரலில் இலண்டனின் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்தினார்கள், பகுதி வெடித்தது. அதே ஆண்டு அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 1984-இல் வந்த சட்டம், நியாயமான ஐயம் இருந்தாலன்றிச் சோதிக்கக் கூடாது என்றது; காவலர் தம் பெயரையும் நிலையத்தையும் காரணத்தையும் சொல்ல வேண்டும், சோதனையை எழுத்தில் பதிய வேண்டும், சோதிக்கப்பட்டவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்றது. பாகுபாடு அங்கு ஒழிந்துவிடவில்லை. கறுப்பினத்தவர் இன்றும் கூடுதலாகவே நிறுத்தப்படுகின்றனர். ஆனால் எத்தனை பேர், எந்த இனத்தவர், எதற்காக என்ற கணக்கு அரசிடமே இருப்பதால், அந்தப் பாகுபாட்டை மறுக்க முடிவதில்லை. இங்கே பெங்களூரில் கடந்த ஆண்டு எத்தனை பைகள் திறக்கப்பட்டன என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பதிவேடு இல்லை.

ஒன்றிய பாஜக அரசு கொண்டுவந்த சன்ஹிதா எதிர்த்திசையில் போகிறது. அதன் 172-ஆவது பிரிவு பழைய சட்டத்தில் இல்லாதது. காவலரின் சட்டப்படியான கட்டளைக்கு எல்லோரும் கீழ்ப்படிய வேண்டும். மறுப்பவரைப் பிடித்து வைத்து நடுவரிடம் கொண்டு செல்லலாம், சிறு விவகாரமானால் 24 மணி நேரத்துக்குள் விடலாம் என்கிறது. பையைத் திறக்க மறுப்பவரை மிரட்ட இந்தப் பிரிவு எடுத்துக் காட்டப்படும் என்று எதிர்பார்க்கலாம். அதில் இரண்டு சொற்களைத் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, ‘சட்டப்படியான’ கட்டளை. மற்றொன்று, ‘இந்த அத்தியாயத்தின்கீழ்’, அதாவது குற்றத்தடுப்பு நடவடிக்கைகள் பற்றிய அத்தியாயம். தலைக்கவச அபராதம் அந்த அத்தியாயத்தில் இல்லை.

ஆகவே கோரிக்கை சுற்றறிக்கையை மீண்டும் அனுப்புங்கள் என்பதாக இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இன்றி நிறுத்தக் கூடாது என்பதைக் கர்நாடக அரசு சட்டத்தின் வலிமை உள்ள விதியாக்க வேண்டும். சாலையில் நடக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் காரணம், நேரம், அதிகாரியின் பெயர் கொண்ட சீட்டை அந்த இடத்திலேயே தர வேண்டும். அபராதத்துக்குச் சீட்டு அச்சிடும் கருவி அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. காவலர் மார்பில் பொருத்திய கேமராவின் பதிவைச் சோதிக்கப்பட்டவர் கேட்டால் தர வேண்டும். முறைகேடான சோதனையில் கிடைத்ததைச் சாட்சியமாக ஏற்கும் நிலையை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். இந்த நான்காவது எளிதில் வராது. முதல் மூன்றும் பெங்களூரில் நின்றே போராடிப் பெறக்கூடியவை.

அதுவரை சந்திப்பில் நிறுத்தப்படும் தோழர் என்ன செய்வது? சண்டை வேண்டாம், தப்பி ஓடுவது அறவே வேண்டாம். துவாக்குடிச் சாலையில் நடந்ததை மறக்கலாகாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, உரிமத்தைக் காட்டலாம். பையைத் திற என்றால், எந்தச் சட்டத்தின்கீழ், என்ன காரணத்துக்காக என்று தாழ்ந்த குரலில் கேட்கலாம். போதைப்பொருள் என்று சொன்னால், கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்குமாறு கோரலாம். பைக்கு அது பொருந்தாது என்ற வாதத்தைப் பின்னால் வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். பலவந்தமாகச் சோதித்தால் தடுக்க வேண்டாம். உடன்பாடு இல்லை என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லி, பெயர்ப்பட்டையையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அன்றே கிளைச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கேட்டால் சீட்டு கேட்க வேண்டும். இப்படி வரும் குறிப்புகளைக் கிளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்தால், அரசிடம் இல்லாத பதிவேடு ஆறு மாதத்தில் கட்சியிடம் இருக்கும்.

இந்தக் குறிப்புகளை ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு, ஆட்டோ நிறுத்தங்களிலும் அத்திப்பள்ளி எல்லையிலும் உணவு விநியோகத் தொழிலாளர்கள் கூடும் இடங்களிலும் கொடுக்கலாம். தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். ஆனால் முதல் பாதி கன்னடத்தில் இருக்க வேண்டும்; நிறுத்துகிற காவலரும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.